அரிது என்பது யார் கணக்கு?

‘இது ரொம்ப அரிதாத்தான் வரும்’ என்று மருத்துவர் சொன்னதும் நாம் நிம்மதியாகத் தலையாட்டுகிறோம். அந்த ‘அரிது’ எப்படிக் கணக்கிடப்பட்டது என்று கேட்பதில்லை.

தைராய்டு கண்நோயை எடுத்துக்கொள்வோம். உடலின் எதிர்ப்பாற்றலே கண்ணுக்குப் பின்னாலுள்ள தசையையும் கொழுப்பையும் வீங்கவைக்கிறது. கண் பிதுங்கும், ஒன்று இரண்டாகத் தெரியும். பெண்களுக்கே அதிகம் வருவது. இந்நோய்க்கென்றே அமெரிக்காவில் 2020 ஜனவரியில் அனுமதி பெற்ற முதல் மருந்து டெப்ரோடுமுமாப் என்ற ஆன்டிபாடி. அனுமதிக்கு ஆதாரமான இரண்டு சோதனைகளிலும் சேர்த்து அதைப் பெற்றவர்கள் 84 பேர். ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் பாதிப்பு 84 பேரில் தென்படாமல் போகவே வாய்ப்பு அதிகம். செவித்திறன் குறைவதைப் பற்றிய எச்சரிக்கை மருந்துக் குறிப்பில் 2023-இல்தான் சேர்ந்தது. அதைவிட அரிதான மனக்குழப்பமும் நினைவு மங்கலும் ஒவ்வொரு நோயாளியாகத்தான் மருத்துவ இதழ்களில் பதிவாயின.

ஆக, ‘அரிது’ என்பது ஒருவர் சொல்லி, இன்னொருவர் நம்பி, எழுதிவைத்தவற்றின் கணக்கு. சொல்லாதவரும் நம்பப்படாதவரும் அதில் இல்லை.

வளவனூரிலிருந்து பஸ் ஏறி ஜிப்மருக்குப் போகும் ஒரு பெண்ணை நினைத்துப் பார்ப்போம். அவளுக்குப் பெரும்பாலும் கிடைப்பது அந்த விலையுயர்ந்த மருந்து அல்ல, ஸ்டீராய்டு. அதுவும் தூக்கத்தைக் கெடுக்கும், மனநிலையைப் புரட்டும். அரிதாகப் புத்தியையும் குழப்பும். ‘அடுப்பில பால வச்சதே மறந்துபோச்சு’ என்கிறாள். ‘உனக்கு எப்பவும் மறதிதான்’, ‘வயசாகுதில்ல’, ‘தைராய்டுன்னா அப்படித்தான்’ என்று பதில் வருகிறது. இவற்றில் ஏதாவது ஒன்று உண்மையாகவும் இருக்கலாம். அதனாலேயே யாரும் மேற்கொண்டு விசாரிப்பதில்லை.

பேசுபவர் யார் என்பதை வைத்து அவர் சொல்லின் மதிப்பைக் குறைப்பதை ‘சாட்சிய அநீதி’ என்று தத்துவவாதி மிராண்டா ஃப்ரிக்கர் 2007-இல் எழுதினார். மூளையைத் தொடும் பக்கவிளைவில் இது இரட்டிப்பாகிறது. கால் வீங்கினால் காட்டலாம். நினைவு மங்கினால் அதற்குச் சாட்சி, மங்கிய அதே நினைவுதான். ‘குழம்பியவள் பேச்சு’ என்று அதைத் தள்ளினால், குழப்பம் என்ற பக்கவிளைவு என்றைக்கும் பதிவாகாது. அவளை நம்புவதை நாம் இரக்கம் என்று நினைக்கிறோம். அது அடுத்து அதே மருந்தை ஏற்றிக்கொள்ளப்போகும் பெண்ணுக்கு நாம் பட்ட கடன்.

நம்புவது என்றால், மருந்துதான் காரணம் என்று தீர்ப்பளிப்பது அல்ல. மருந்தைத் தானாக நிறுத்துவதும் அல்ல. பார்வை நரம்பு நெருக்கப்படும்போது பார்வையைக் காப்பது சிகிச்சைதான். காரணம் எதுவென்று விசாரிக்கும் அளவுக்கு அவள் சொல்லுக்கு மதிப்புத் தருவதே நம்புவது.

இந்தியாவில் 2010 முதல் மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புத் திட்டம் இருக்கிறது. மருத்துவர் எழுதும்வரை காத்திருக்க வேண்டாம். நோயாளியோ வீட்டாரோ 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம். எந்த ஊசிக்குப் பிறகு, எந்தத் தேதியில், என்ன மறந்தது என்று ஒரு நோட்டில் குறித்துவைக்கலாம். அவளால் எழுத முடியாத நாளில் மகளோ தங்கையோ பக்கத்து வீட்டு அக்காவோ எழுதட்டும், அவள் சொன்ன சொல்லிலேயே.