தாங்குவது நலமல்ல

இதயத்திலிருந்து மேலெழும் பெருந்தமனி வில்லாக வளைந்து கீழிறங்குகிறது. தலைக்கும் கைகளுக்கும் ரத்தம் கொண்டுபோகும் கிளைகள் அந்த வளைவில்தான் பிரிகின்றன. அங்கே கோளாறு என்றால் நெஞ்சு வலித்துக் காட்டிக்கொடுக்கும் என்று நினைப்போம். எல்லா நோயும் அப்படி வருவதில்லை.

1908-இல் ஜப்பானின் ஃபுகுவோகாவில் கண் மருத்துவர்கள் கூடினார்கள். மிகிதோ தகயாசு ஓர் இளம்பெண்ணின் விழித்திரையில் தாம் கண்டதைச் சொன்னார். பார்வை நரம்பின் முகப்பைச் சுற்றி ரத்தநாளங்கள் வளையமாகப் பின்னிக் கிடந்தன. அவையிலிருந்த இருவர், தாங்கள் கண்ட அத்தகைய நோயாளிகளுக்கு மணிக்கட்டில் நாடியே தட்டுப்படவில்லை என்றார்கள். கண்ணுக்கும் கைக்கும் பொதுவான வேர் அந்த வளைவில் இருந்தது.

தகயாசு தமனியழற்சி எனப்படும் இந்நோய் பெரும்பாலும் 40 வயதுக்குட்பட்ட பெண்களுக்கே வருகிறது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே தமனிச் சுவரைத் தாக்குகிறது. ஏன் என்பது இன்னும் முழுதாகத் துலங்கவில்லை. தொடக்கத்தில் லேசான காய்ச்சல், அசதி, மூட்டுவலி. ‘நேரத்துக்குச் சாப்பிட்டால் சரியாகிவிடும்’ என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். அதற்குள் சுவர் தடித்து உள்வழி குறுகத் தொடங்கும். சிலருக்குச் சுவர் நலிந்து புடைக்கவும் செய்யும்.

உடலும் சும்மா இருப்பதில்லை. வாய்க்கால் தூர்ந்தால் தண்ணீர் பக்கத்து ஓடைகளில் புகுவதுபோல, சிறு நாளங்கள் பருத்து அந்தச் சுமையை ஏற்கின்றன. தகயாசு கண்ட வளையமும் ரத்தம் போதாத விழி தேடிக்கொண்ட மாற்றுவழிதான். அடைபட்ட கையில் ரத்த அழுத்தம் குறைவாகக் காட்டும். சிறுநீரகத் தமனியும் குறுகியிருந்தால், உள்ளே இதயம் உயர் அழுத்தத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். இப்படியே ஆண்டுகள் ஓடிவிடும்.

உடலின் பொறுமைதான் நம்மை வாழவைக்கிறது. அந்தப் பொறுமையே நோயை ஒளித்தும் வைக்கிறது. உடலில் மட்டுமா? வீட்டில் முணுமுணுக்காமல் எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுச் செய்கிறவளுக்கு ஒரு குறையும் இல்லை என்றுதானே முடிவுகட்டுகிறோம்! ஒருவர் தாங்குகிறார் என்பதற்கு அவர் நலமாக இருக்கிறார் என்று பொருளில்லை. எங்கோ ஏதோ ஒன்று அளவுக்கு மீறி உழைக்கிறது என்றும் பொருள் இருக்கலாம்.

முன்கூட்டியே கண்டுகொண்டால் அழற்சியை அடக்க மருந்துகள் இருக்கின்றன. தலைவாரக் கையைத் தூக்கினாலே ஓய்ந்துபோகிறது என்று ஓர் இளம்பெண் சொன்னால், சோம்பல் என்று தள்ளாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துப்போய், இரண்டு கைகளிலும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.