முழந்தாள்

கத்தோலிக்கத் திருச்சபையின் கணக்கில் ஏழு வயது ஓர் எல்லைக்கோடு. ஏழு நிறைந்த பிள்ளைக்குப் பகுத்தறியும் புத்தி வந்துவிட்டதாகக் கொள்ள வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம். பத்தாம் பயஸ் திருத்தந்தையாக இருந்தபோது 1910இல் வெளியான ஆணை, புதுநன்மை வாங்கும் வயதை அந்த எல்லைக்கு இறக்கிக் கொண்டுவந்தது. அதற்கு முன் பல நாடுகளில் பத்து, பன்னிரண்டு வயதுவரை காத்திருக்க வைத்தார்கள். புதுநன்மைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் உண்டு. ஆக, ஏழு வயதுப் பெண்பிள்ளை தன் பாவங்களைத் தானே எண்ணிப் பார்த்து, குருவானவரிடம் சொல்லி, மன்னிப்புக் கேட்கத் தகுதி பெற்றுவிடுகிறாள்.

பாவம் என்றால் என்ன? மறைக்கல்வி வகுப்பில் சொல்லித்தருவதுதான்: அறிந்து, விரும்பிச் செய்கிற தப்பு. தெரியாமல் செய்தது பாவமாகாது. பிறர் கட்டாயப்படுத்திச் செய்ததும் முழுப் பாவமாகாது. நல்ல இலக்கணம், எனக்கு மறுப்பில்லை. ஆனால் விரும்பித் தப்புச் செய்யும் ஆற்றல் ஏழு வயதில் வந்துவிட்டதென்றால், விரும்பாததை மறுக்கும் ஆற்றலும் அதே வயதில் வந்திருக்க வேண்டும் அல்லவா? அவள் குற்றத்துக்கு அவளே பொறுப்பு, அவள் சம்மதத்துக்கு மட்டும் அப்பா பொறுப்பு என்று எப்படிப் பிரிப்பது?

சிஸ்டர்கள் நடத்தும் ஆர்.சி. தொடக்கப் பள்ளிகளைத் தெரிந்தவர்களுக்கு அந்தப் பிரிவினை நன்றாகவே தெரியும். காலையில் எல்லோரும் சேர்ந்து செபம். பிறகு ஒரு பாடவேளையில் வகுப்பு இரண்டாகப் பிரியும்: கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்ற பிள்ளைகளுக்கு நீதிபோதனை. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை, அக்டோபரில் செபமாலை, மாதா திருநாளுக்குப் பூசை. அரசு உதவி பெறும் பள்ளி என்பதால் ஆசிரியர் சம்பளம் அரசுப் பணம். அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு, மூன்றாம் உட்பிரிவு இங்கேதான் வருகிறது: அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் கல்வி நிறுவனத்தில், ஒருவரை அவருடைய இசைவின்றிச் சமயப் பாடத்திலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ள வைக்கக் கூடாது, அவர் வயது வராதவர் என்றால் பாதுகாவலரின் இசைவு வேண்டும்.

பாதுகாவலர் யார்? இந்துப் பிள்ளைகளுக்கு 1956ஆம் ஆண்டுச் சட்டம் தந்தை என்றது, அவருக்குப் பின் தாய் என்றது. அந்தப் ‘பின்’ என்பதற்குத் தந்தை இறந்த பின் என்று மட்டும் பொருளில்லை என்று உச்ச நீதிமன்றத்திடமிருந்து பெற, எழுத்தாளர் கீதா ஹரிஹரனின் வழக்கு 1999இல் தீர்ப்பாகும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தாயின் கையெழுத்துக்கே இவ்வளவு காலம். மகளின் ‘வேண்டாம்’ இன்னும் எந்தப் படிவத்திலும் ஏறவில்லை.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. இந்து, முஸ்லிம் பிள்ளைக்காவது நீதிபோதனை என்று ஒரு மாற்று அறை உண்டு. கத்தோலிக்கச் சிறுமிக்கு அதுவும் இல்லை. சிறுபான்மை உரிமை பற்றிய நம் விவாதங்களில் எல்லாம் சமூகத்துக்கும் அரசுக்கும் இடையிலான கோடுதான் பேசப்படுகிறது. அந்தச் சமூகத்துக்குள்ளேயே முழந்தாளிட்டிருக்கும் எட்டு வயதுக்காரி எந்தப் பக்கத்துக் கணக்கிலும் வருவதில்லை. சிறுபான்மைப் பள்ளிகளின் உரிமையை இன்றைய அரசியல் சூழலில் நாம் விட்டுக்கொடுக்க முடியாது, விட்டுக்கொடுக்கவும் கூடாது. அதற்காக இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்கவும் முடியாது.

பிள்ளைகள் மறுக்க மாட்டார்கள், அவர்களுக்கு அது தெரியாது என்பவர்கள் கேரளத்தில் நடந்ததைப் பார்க்கலாம். 1985இல் யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், பள்ளியில் தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், வாய் திறந்து பாடவில்லை. பள்ளி அவர்களை நீக்கியது. பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று அறியப்படும் அந்த வழக்கில், 1986இல் உச்ச நீதிமன்றம் பிள்ளைகள் பக்கம் நின்றது. பேச்சுரிமைக்குள் மௌனமாக இருக்கும் உரிமையும் அடங்கும் என்றது. மூவரில் இருவர் பெண்பிள்ளைகள். இளையவள் ஐந்தாம் வகுப்பு. அவர்களுடைய மௌனம் வீட்டில் கற்ற நம்பிக்கையிலிருந்து வந்தது என்று வாதிடலாம். இருக்கட்டும். பள்ளி முழுவதும் பாடும்போது வாய் மூடி நிற்க ஒரு பத்து வயதுப் பெண்ணால் முடியும் என்பது அந்த வழக்கோடு பதிவாகிவிட்டது.

மறுக்க எங்கே பழகுவது? ஆர்.சி. பள்ளியில் கோயில் ஒரு பக்கம் என்றால் மைதானம் மறுபக்கம். உத்தி பிரித்து ஆடும் பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஆட்டத்தைவிடச் சண்டை அதிகம். கோட்டை மிதித்தாயா இல்லையா, அவுட்டா இல்லையா, அழுகுணி ஆட்டம் ஆடியது யார்? விதியை எல்லோரும் ஒப்புக்கொண்டுதான் ஆடுகிறார்கள், அதே விதியை எதிர்த்து வாதாடவும் செய்கிறார்கள். ‘நான் வரலை, போ’ என்று விலகிப் போகும் வழி எப்போதும் திறந்திருக்கிறது. தப்பும் அங்கே எல்லோர் முன்னாலும் நடந்து அடுத்த ஆட்டத்தோடு முடிந்துபோகிறது; இரவில் படுக்கையில் தேடி எடுக்க வேண்டியதில்லை.

ஒழுக்கம் பற்றி எழுதிய ழான் பியாஜேயும் விளையாட்டில்தான் தொடங்கினார். 1932இல் வெளியான நூலில் சுவிட்சர்லாந்துச் சிறுவர்கள் கோலி ஆடுவதைப் பார்த்து, விதி என்பது மேலிருந்து இறங்கும் கட்டளை என்ற நிலையிலிருந்து நமக்குள் செய்துகொண்ட உடன்பாடு என்ற நிலைக்குப் பிள்ளை எப்படி நகர்கிறது என்று விளக்கினார். சிறுமிகளையும் கொஞ்சம் பார்த்துவிட்டு, அவர்களுக்குச் சட்ட உணர்வு குறைவு என்றும் எழுதிவைத்தார். கேரல் கில்லிகன் 1982இல் இதற்குப் பதில் சொன்னார்: சிறுமிகள் சண்டை முற்றினால் ஆட்டத்தை நிறுத்திவிடுகிறார்கள், விதியைவிட உறவு அவர்களுக்குப் பெரிது, அதுவும் ஒரு நெறிதான். கில்லிகனுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனாலும் எனக்கு ஒரு சந்தேகம். நம் பள்ளி மைதானத்தின் நடுவே பையன்களின் கால்பந்து. வேப்பமரத்தடியிலும் வராந்தாவிலும் பெண்பிள்ளைகளின் பாண்டி, கல்லாங்காய், ஸ்கிப்பிங். மைதானத்தில் பத்தடி இடம் கிடைத்தவர்கள் எதை வைத்து நீண்ட வழக்காடுவார்கள்? உறவு பெரிது என்று தேர்ந்துகொண்டார்களா, இடம் போதாமல் அப்படி ஆனதா?

அயரிஸ் மரியன் யங் 1980இல் எழுதிய கட்டுரை, பெண்பிள்ளை ஏன் ‘பெண்பிள்ளைபோல’ப் பந்தெறிகிறாள் என்று கேட்டது. உடம்பு முழுவதையும் கொடுத்து எறியாமல், கையை மட்டும் நீட்டுகிறாள். தன் உடலைப் பிறர் பார்க்கும் பொருளாகவும் அதே சமயம் தான் செயல்படும் கருவியாகவும் ஒருசேர உணர்வதால் வரும் தயக்கம் அது என்றார். மாதா கெபி முன்னால் கை குவித்து, கண் தாழ்த்தி, பாவாடை கசங்காமல் முழந்தாளிடப் பழகிய பிள்ளை மறுபாடவேளையில் பந்தை எடுக்கும்போது அந்தத் தயக்கம் எங்கிருந்து வருகிறது என்று புரியும். திருச்சபைக்கு இதில் பங்கில்லை என்று சொல்வதற்கில்லை. கல்வி பற்றி 1929இல் பதினொன்றாம் பயஸ் விடுத்த சுற்றுமடல், ஆணும் பெண்ணும் சேர்ந்து படிப்பதைக் கண்டித்ததோடு, உடற்பயிற்சியில் பெண்பிள்ளைகளின் அடக்கத்துக்குத் தனிக் கவனம் வேண்டும், பொதுக் காட்சிக்கு அவர்களை நிறுத்துவது அதைக் கெடுக்கும் என்றது. நற்கருணைப் பவனியில் வெள்ளை ஃபிராக் போட்டுப் பூ தூவ அதே பிள்ளைகளை நிறுத்துவது காட்சியாக யாருக்கும் படவில்லை. அந்தப் பவனியில் தூபக் கலசமும் மணியும் வெகுகாலம் பையன்கள் கையில்தான். 1994இல் ரோம் பெண்பிள்ளைகளும் பீடப் பணி செய்யலாம் என்று இசைந்தது; அப்போதும் அந்தந்த ஆயரின் விருப்பத்துக்கு விட்டது.

மைதானத்தைச் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. உத்தி பிரிக்கும்போது கடைசிவரை யாரும் கூப்பிடாமல் நிற்கும் பிள்ளை எந்தத் தெருவிலிருந்து வருகிறாள் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஏழைகளின் இயேசுவைப் பேசும் கன்னியர் மடங்களுக்குள் சாதியும் வசதியும் எப்படி நடமாடுகின்றன என்று பாமா ‘கருக்கு’வில் 1992இலேயே எழுதிவிட்டார். விளையாட்டு விழா அணிவகுப்பைப் பாருங்கள்: விசிலுக்குக் காலெடுத்து, கொடிக்குத் தலைதிருப்பி, அசையாமல் வெயிலில் நின்று. பவனிக்கும் அதற்கும் சீருடைதான் வித்தியாசம். பி.டி. சார் கையில் பிரம்பும் இருந்தால் பவனியே மேல்.

கோயில் எப்போதும் பெண்பிள்ளையை ஒடுக்குகிறது என்பதும் உண்மையில்லை. நான் படித்த ஆர்.சி. பள்ளியில், கணவன் இல்லாமல், யாரிடமும் அனுமதி கேட்காமல், சாவிக்கொத்தோடு நடமாடி, கணக்கு வழக்குப் பார்த்து, வந்த அதிகாரியை உட்காரச் சொல்லிப் பேசிய பெண்களை முதன்முதலாகப் பார்த்தேன். எங்கள் தெருவில் அப்படி ஒருத்தரும் இல்லை. மைக் முன்னால் நின்று நான் முதலில் வாசித்ததும் பூசையில்தான். அமெரிக்காவில் இம்மாக்குலாட்டா என்ற சிறிய கத்தோலிக்கப் பெண்கள் கல்லூரி 1972, 73, 74 மூன்று ஆண்டும் தேசியக் கூடைப்பந்துப் போட்டியில் வென்றபோது, பார்வையாளர் வரிசையில் கன்னியர்கள் உட்கார்ந்து வாளிகளைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். வாளி தட்டும் சிஸ்டர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களை எனக்குத் தெரியும்.

நம்பிக்கையுள்ள தோழி ஒருத்தி இதற்குச் சொல்லும் பதில் வலுவானது. சமயம் தாய்மொழி மாதிரி. எந்தக் குழந்தையிடம் சம்மதம் கேட்டுத் தமிழ் கற்றுத்தந்தோம்? மொழி இல்லாமல் வளர்த்துவிட்டு, பதினெட்டில் தேர்ந்துகொள் என்றால் அவளிடம் தேர்ந்துகொள்ளச் சொல்லே இருக்காதே. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தமிழ் கற்ற பிள்ளை இரண்டு வயதிலேயே ‘மாட்டேன்’ என்று அதே தமிழில் சொல்லி நம்மை எதிர்க்கிறாள். மறைக்கல்விப் புத்தகத்தில் கேள்வியும் அச்சாகியிருக்கிறது, அதற்குப் பிள்ளை சொல்ல வேண்டிய பதிலும் அச்சாகியிருக்கிறது.

ஐந்தாம் வகுப்போடு இந்த வாய்ப்பும் பெரும்பாலும் முடிந்துவிடும். ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி, சீக்கிரமே துப்பட்டா, அதன்பின் மைதானத்தில் இறங்கும் பெண்பிள்ளைகளை விரல்விட்டு எண்ணலாம். இருக்கும் ஐந்து வருடத்தில் ஒரு தொடக்கப் பள்ளி என்ன செய்ய முடியும்? வாரத்தில் இரண்டு நாள் மைதானத்தின் நடுப்பகுதியைப் பெண்பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம், சண்டை வந்தால் டீச்சர் உடனே போய்த் தீர்க்காமல் இருக்கலாம். சிலுவைப்பாதை நடக்கும் வெள்ளிக்கிழமை, இன்றைக்கு எனக்கு வேண்டாம் என்கிற கத்தோலிக்கப் பிள்ளைக்கும் நூலக அறையைத் திறந்துவைக்கலாம், ஏன் என்று கேட்காமல். அலமாரிச் சாவி வழக்கமாகத் தலைமையாசிரியை சிஸ்டரின் மேசை இழுப்பறையில்தான் இருக்கும்.