இயன்றதை ஏற்போம், ஏற்றதைக் காப்போம்



பகவான் மகாவீரர் பாவாபுரியில் வீடுபேறு எய்திய விடியலை நினைந்து தீபாவளியன்று விளக்கேற்றும் நமக்கு, அதற்கு மறுநாளே வீர நிர்வாண ஆண்டு பிறந்துவிடுகிறது. 2023ஆம் ஆண்டுத் தீபாவளியை அடுத்து அதன் 2550ஆம் ஆண்டு பிறந்தது. பின்னர்ச் சனவரி முதல் நாளும், சித்திரை முதல் நாளும் வருகின்றன. ஆண்டு எப்போது பிறப்பினும், "இனி இன்னது செய்யேன்" என உறுதி பூணுதல் மக்கள் இயல்பு. சனவரியில் பூண்ட உறுதி பொங்கலுக்குள் தளர்வதும் நாம் காண்பதே.

தளர்வதற்குக் காரணம் மனவலிமை இன்மை மட்டுமன்று. தன் ஆற்றலை அளந்து பாராமையே பெருங்காரணம். தீர்த்தங்கரர் நிலைக்கு ஏதுவான பதினாறு பாவனைகளுள், தியாகமும் தவமும் "ஆற்றலுக்கு ஏற்ப" என்னும் அடையோடுதான் கூறப்பட்டுள்ளன. ஆற்றலை மறைத்துச் சோம்புதலும் கூடாது. ஆற்றலை மீறி வருந்துதலும் கூடாது என்பதே இதன் கருத்து.

கதிரசாரன் வரலாற்றை எண்ணிப் பாருங்கள். விந்திய மலைக்காட்டு வேடனாகிய அவனை ஊனையும் கள்ளையும் விடுமாறு சமாதிகுப்த முனிவர் பணித்தார். தன்னால் இயலாது என்றான் அவன். முனிவர் வெகுளவில்லை. "காக்கை இறைச்சியை உண்டதுண்டா?" என வினவினார். இல்லை என்றான். "அதையேனும் இனி உண்ணேன் என ஏற்றுக்கொள்" என்றார். பின்னொரு நாள் அவன் நோயுற்றபோது, காக்கை இறைச்சியே மருந்தென்றனர் மருத்துவர். அவன் மறுத்தான். அச்சிறு விரதத்தைக் காத்தவன், இறுதியில் ஐந்து அணுவிரதங்களையும் ஏற்று உயிர்நீத்தான். வானுலகம் புகுந்து, பின்னர் மகத மன்னன் சிரேணிகனாகப் பிறந்து, மகாவீரரின் சமவசரணத்தில் வினாக்கள் எழுப்பும் பேறு பெற்றான். யமபாலன் என்னும் கொலைத்தொழிலாளி, சதுர்த்தசி நாளில் மட்டும் கொல்லேன் என ஏற்றான். அரசனே ஆணையிட்டும் அந்நாளில் அவன் உயிர் கொல்லவில்லை. விரதம் சிறிது, உறுதியோ பெரிது.

சமந்தபத்திராசாரியர் இரத்தினகரண்டகத்தில் இருவகைத் துறவைக் காட்டுகிறார். வாழ்நாள் முழுதும் விடுவது யமம். காலம் வரையறுத்து விடுவது நியமம். இன்று, இவ்விரவு, ஒரு பக்கம், ஒரு திங்கள், ஒரு பருவம், ஓர் அயனம் எனக் காலத்தை நாமே வகுத்துக்கொள்ளலாம். இல்லறத்தார்க்குப் பதினொரு நிலைகளை வகுத்ததும் படிப்படியாக ஏறுவதற்கே. எளியதிலிருந்து அரியதற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியிலும் முதற்பாடம் அன்றோ?

நம் இல்லங்களில் இன்று பெரிதும் மனவருத்தம் விளைப்பது இரவு உண்ணாமை பற்றிய பேச்சே. விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் சென்னைக்குப் பணிக்குச் செல்லும் பிள்ளைகள், பொழுது சாய்ந்தபின் வீடு திரும்புகின்றனர். "நம் குல ஒழுக்கத்தை விட்டாயே" என்று நாம் நாள்தோறும் கடிந்தால், அவர்கள் ஒழுக்கத்தை மட்டுமன்று, நம்மையும் விட்டு விலகுவர். முனிவர் வேடனிடம் பேசியவாறு பேசிப் பாருங்கள். "ஞாயிற்றுக்கிழமை இயலுமா? அட்டமி, சதுர்த்தசியில் இயலுமா?" என வினவுங்கள். இயலும் என்று பிள்ளை வாய் திறந்து சொல்லும் அந்த ஒரு நாளே வித்து. இது ஒழுக்கத்தைக் குறைப்பதன்று, அற்றுப்போகாமல் காப்பது.

முதியோரே, நீரிழிவும் இரத்த அழுத்தமும் உடையோர் முழுப்பட்டினியால் வருந்த வேண்டா. வயிறு நிறையாமல் உண்பதும், ஒரு சுவையை விடுவதும் புறத்தவம் ஆறனுள் அடங்கியவையே. மருந்தையும் மருத்துவர் சொல்லையும் விடாது, நெய்யையோ இனிப்பையோ ஒரு திங்கள் விடலாம். உடுக்காத புடவைகளை எண்ணிப் பார்த்து, இவ்வாண்டு புதிது வாங்கேன் எனல் மிகுபொருள் விரும்பாமை. காலையில் கால்மணி நேரம் சாமாயிகத்தில் அமர்தல் யார்க்கும் எளிது.

ஏற்றபின் ஒரு நாள் வழுவினால் யாது செய்வது? வழுவேறு, முறிவு வேறு. வழுவை அதிசாரம் என்பர் ஆசிரியர். ஒவ்வொரு விரதத்திற்கும் ஐந்தைந்து அதிசாரங்களை எண்ணிக் கூறியுள்ளனர். வழுவுவோம் என்பதை அறிந்தன்றோ பிரதிக்கிரமணத்தையும் வகுத்தனர்! மாலையில் வருந்தி, மறுநாள் தொடர்க. ஒரு நாள் தவறிற்றென்று விரதத்தையே கைவிடுதல், ஓரிழை அறுந்ததென்று ஆடையைக் கிழிப்பதை ஒக்கும்.

செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில், ஒரே பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரரும் இரு வரிசையாக வீற்றிருக்கின்றனர். அங்கே சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததைக் கல்வெட்டு கூறுகிறது. அதனைத் தொழும்போது, நம்மால் ஒரு வேளையும் இயலவில்லையே என மயங்க வேண்டா. பல்லாண்டுப் பயிற்சியின் முடிவு அது. நாம் நிற்பது முதற்படியில்.

எனவே இவ்வாண்டு, குடும்பத்தில் ஒவ்வொருவரும் ஒரே ஒரு நியமத்தை, காலம் குறித்து, அருகன் திருமுன் ஏற்போமாக. பிறர் மெச்சவும் வேண்டா. பயன் கருதவும் வேண்டா. குறித்த காலம் நிறைந்ததும், இன்னும் ஒரு திங்கள் நீட்டிக்க இயலுமா என நம் உள்ளத்தையே வினவுவோம்.

அறம் வளர்க! அருளறம் ஓங்குக!