இருள் என்ன குற்றம் செய்தது?

அறியாமையை இருள் என்கிறோம். அறிவை ஒளி என்கிறோம். மடமை மண்டிய ஊரை இருண்ட ஊர் என்கிறோம். ஆராயாமல் நம்புகிறவனிடம் இருப்பது குருட்டு நம்பிக்கை என்கிறோம். மேடை ஏறியதும் நம் நாவிலே முந்திக்கொண்டு வந்து நிற்கும் உவமை இதுதான். கோயில் வாயிலிலே நின்று பேசுகிறவரும் இதையே சொல்கிறார்; அவரை மறுத்துப் பேச எழுந்த நாமும் இதையே சொல்கிறோம். எதிரெதிர் அணியிலே நிற்கும் இருவரும் ஒரே உவமையை ஐயமின்றி எடுத்தாளுகிறார்கள் என்றால், தோழர்களே, அந்த உவமையை ஒருமுறையாவது கூண்டிலேற்றி விசாரிக்க வேண்டாமா? இருள் என்ன குற்றம் செய்தது? ஒளி எந்தத் தேர்விலே வென்று நீதிபதியின் நாற்காலியிலே அமர்ந்தது?

குற்றப்பத்திரிகையிலே முதல் வரி, பேய். இருட்டிலேதான் பேய் உலவுகிறது என்கிறார்கள். ஆவடிப் பக்கத்து ஏரிக்கரையிலே ஒருவர் இரவிலே நடந்து வருகிறார். கடைக்கண்ணிலே வெள்ளையாக ஏதோ அசைகிறது. திடுக்கிட்டு நேராகத் திரும்பிப் பார்க்கிறார்; மறைந்துவிட்டது! மறுநாள் காலையிலே தேநீர்க்கடையிலே சத்தியம் செய்து சொல்கிறார்: "பார்த்தேன், திரும்பினேன், காணோம்." அவர் பொய் சொல்லவில்லை. பொய்யர் என்று அவரை எள்ளி நகையாடுவது பகுத்தறிவும் ஆகாது. நம் விழித்திரையிலே மங்கலான ஒளிக்கென்று ஏறத்தாழ 12 கோடிக் குச்சி செல்களும், பகலொளிக்கும் நிறத்துக்கும் என்று ஏறத்தாழ 60 இலட்சம் கூம்பு செல்களும் உள்ளன. ஒரு பொருளை நேர்பட நோக்கும்போது அதன் உரு எங்கே விழுகிறதோ, அந்த நடுப்புள்ளியிலே குச்சி செல்கள் இல்லவே இல்லை. ஆகவே இரவிலே ஓரக்கண்ணுக்குத் தெரியும் வெளிறிய துணியோ, காகிதமோ, நாரையோ, நேர்ப்பார்வைக்கு மறைந்துதான் போகும். வானநூலார் மங்கிய விண்மீனை ஓரப் பார்வையாலேயே நோக்குவதும் இதனாலேதான். ஏரிக்கரையிலே பேய் இல்லை. பேயின் பிறப்பிடம் கண்ணின் அமைப்பு.

இன்னொன்று. பகலிலே செக்கச்செவேலென்றிருக்கும் பூ, அந்தி சாய்ந்ததும் கருத்துப்போக, பக்கத்து இலை மட்டும் வெளிச்சமாய்த் தெரியும். பூ மாறவில்லை, இலையும் மாறவில்லை; பார்க்கும் செல்களிடையே பணி மாறியிருக்கிறது. கூம்பு செல்கள் ஓய்வெடுக்க, சிவப்பை உணரும் திறன் குன்றிய குச்சி செல்கள் வேலைக்கு வருகின்றன. அவை முழுத்திறன் பெற ஏறத்தாழ அரைமணி நேரம் வேண்டும். இருளுக்குள் நுழைந்த கணத்திலேயே "ஒன்றும் தெரியவில்லை" என்று ஓலமிடுகிறோமே, கண்ணுக்கு அரைமணி நேரம் தவணை கொடுத்தோமா? எனவே முதல் குற்றச்சாட்டு தள்ளுபடி. உலகை நாம் உள்ளது உள்ளபடி காண்கிறோம் என்ற இறுமாப்பும் அதோடு சேர்ந்து தள்ளுபடி.

இனி, பெரிய வழக்குக்கு வருவோம்.

ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் ஒருநாள் கேட்டேன்: பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவருக்கு என்ன தெரியும்? வகுப்பு ஒரே குரலிலே சொன்னது: "இருட்டு!" நானும் விடவில்லை. "சரி, உங்கள் தலைக்குப் பின்னால் இப்போது என்ன தெரிகிறது? கறுப்பா?" என்றேன். அமைதி. ஒரு மாணவி தயங்கித் தயங்கிச் சொன்னாள், "கறுப்பு இல்லை ஐயா. ஒன்றுமே இல்லை." அவள் சொன்னதிலே ஒரு தத்துவ நூலின் சாரம் இருக்கிறது. இருள் என்பது ஒளியைக் கண்டவனின் சொல். விளக்கை அணைத்தபோது நமக்கு ஏற்படும் இழப்பின் பெயர் அது. விளக்கையே அறியாதவருக்கு அணைந்த விளக்கு ஏது? நம் முதுகுப்புறத்தை நாம் இருளென்று அஞ்சி நடுங்குவதில்லை. அதுபோலவே அவரும் காரிருளிலே கிடந்து தவிக்கவில்லை. நம் அச்சத்தை எடுத்து அவர் தலையிலே கவிழ்த்து, பின் அவருக்காக நாமே கண்ணீரும் வடிக்கிறோம்! பிற்காலத்திலே பார்வை இழந்தவர்களின் நிலை வேறு. அவர்கள் ஒளியை நினைவிலே வைத்திருப்பவர்கள், இழப்பு இழப்புத்தான். இரு நிலைகளையும் ஒன்றாகக் குழப்பக்கூடாது.

இந்த வழக்குக்கு உலக அரங்கிலே நீண்ட வரலாறு உண்டு. 1688-ஆம் ஆண்டு, அயர்லாந்தின் டப்ளின் நகரத்து அறிஞர் வில்லியம் மாலினோ, ஆங்கில மெய்யியலார் ஜான் லாக்குக்கு ஒரு வினா விடுத்தார். மாலினோவின் மனைவி பார்வை இழந்தவர்; ஆகவே அவருக்கு இது பொழுதுபோக்கு வினா அன்று. பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவர், உருண்டையையும் கனசதுரத்தையும் கையால் தடவி வேறுபடுத்தி அறிந்திருக்கிறார். திடீரென்று அவருக்குப் பார்வை கிடைத்தால், தொடாமலே, கண்ணால் மட்டும் கண்டு, எது உருண்டை, எது கனசதுரம் என்று சொல்வாரா? மாட்டார் என்றார் மாலினோ. மாட்டார் என்றே லாக்கும் 1694-இலே தம் நூலின் இரண்டாம் பதிப்பில் எழுதினார். 1728-இலே இலண்டன் அறுவை மருத்துவர் செசல்டன், பதின்மூன்று வயதளவில் ஒரு சிறுவனுக்குப் பார்வை தந்த செய்தியை வெளியிட்டார். அந்தச் சிறுவனுக்குக் காணும் பொருளெல்லாம் கண்ணையே வந்து தொடுவதுபோல் இருந்ததாம். வீட்டுப் பூனையைக் கண்ணால் அடையாளம் காண மாட்டாமல், அதைப் பிடித்துத் தடவி, பிறகு உற்றுப் பார்த்து மனத்திலே பதித்துக்கொண்டானாம்!

திட்டமான விடை கிடைத்தது நம் நாட்டிலேதான். மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் பவன் சின்கா, பிரகாஷ் திட்டம் என்ற பெயரிலே, இந்தியாவிலே பிறவிப் பார்வையின்மையோடு வளர்ந்த குழந்தைகளுக்கு மருத்துவம் கிடைக்கச் செய்தார். எட்டு முதல் பதினேழு வயது வரையிலான ஐவரை அறுவைக்குப் பின் உடனடியாகச் சோதித்த முடிவு 2011-இலே வெளிவந்தது. தொட்டதை மீண்டும் தொட்டு அறிவதிலே அவர்கள் அநேகமாகப் பிழையே செய்யவில்லை. கண்டதை மீண்டும் கண்டறிவதிலும் வல்லவர்களாகவே இருந்தார்கள். ஆனால், கையால் அறிந்ததைக் கண்ணால் இனம் காணச் சொன்னபோது நூற்றுக்கு 58 அளவே சரியாக வந்தது. இரண்டிலே ஒன்றைச் சுட்டும் சோதனை அது. கண்ணை மூடிக்கொண்டு சுட்டினாலே 50 வந்துவிடும். ஆக, மாலினோ சொன்னது சரி. ஆனால் சில நாட்களிலேயே, தனிப் பயிற்சி ஏதுமின்றி, அதே பிள்ளைகளிலே சிலர் அந்த வேலையைச் செய்துகாட்டினார்கள்!

இதன் பொருள் என்ன? ஒளி கண்ணிலே விழுந்தால் மட்டும் காட்சி பிறந்துவிடாது. காட்சி என்பது கற்பது. நாம் பேசக் கற்றதுபோல் பார்க்கவும் கற்றோம். கற்ற பருவம் நினைவில்லாததாலே பிறவிச் சொத்தென்று பெருமை பேசுகிறோம். "கண்ணாலே கண்டேன்" என்பதை இறுதிச் சான்றாக நீட்டுகிறவர்கள், அந்தக் கண்ணுக்குப் பாடம் நடத்திய ஆசான்களில் கையும் ஒன்று என்பதை எண்ணிப் பார்க்கட்டும்.

மதவாதிகளுக்கும் இந்த வழக்கிலே பங்குண்டு. உலகின் எழிலைப் பாருங்கள், கதிரவனைப் பாருங்கள், படைத்தவன் புலப்படவில்லையா என்பது அவர்களின் பழைய வாதம். பார்வையில்லாத ஒருவரிடம் இந்த வாதத்துக்கு என்ன விலை? இதைத்தான் பிரெஞ்சு அறிஞர் தீதெரோ 1749-இலே பார்வையற்றோரைப் பற்றிய தம் நூலிலே கேட்டார். மரணப் படுக்கையிலே கிடக்கும் பார்வையற்ற கணித மேதை ஒருவர், பாதிரியாரை மடக்குவதாக ஒரு காட்சியை அதிலே கற்பனையாக அமைத்தார். கேள்விக்கு அரசு தந்த விடை? வின்சென் கோட்டையிலே மூன்று திங்களுக்கு மேல் சிறை! காட்சி கற்பனை, மேதை கற்பனை அல்லர். நிக்கலஸ் சாண்டர்சன், ஒரு வயதளவில் பெரியம்மையாலே பார்வை இழந்தவர். 1711 முதல் கேம்பிரிட்ஜில், முன்பு நியூட்டன் அமர்ந்த கணிதப் பேராசிரியர் இருக்கையிலே அமர்ந்தவர். அவர் மாணவர்களுக்கு நடத்திய பாடங்களிலே ஒன்று எது தெரியுமா? ஒளியியல்! ஒளியையே காணாதவர் ஒளியின் விதிகளைக் கற்பித்தார். கண்ணிருந்தோர் கைகட்டிக் கேட்டனர்.

சீமைச் செய்திதானா, நம் மண்ணிலே இல்லையா என்பீர். உண்டு. பதினேழாம் நூற்றாண்டிலே, இதே தொண்டை நாட்டிலே, வீரராகவ முதலியார் என்ற புலவர் வாழ்ந்தார். முதுகிலே எழுத்துகளை எழுதச் செய்து, அந்தத் தொடுகையாலேயே தமிழ் கற்றார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். கதையோ, நிகழ்ச்சியோ, எழுத்து கண்ணுக்கு மட்டும் உடைமை அன்று என்ற எண்ணம் இங்கே அப்போதே இருந்திருக்கிறது. ஆனால் அவருக்கு நாம் சூட்டிய பட்டம் என்ன? அந்தகக்கவி! பாடலை முன்னிறுத்தாமல் கண்ணை முன்னிறுத்திய பெயர். நொண்டிப் புலவர், செவிட்டுப் புலவர் என்று வரிசையாக எழுதிப் பாருங்கள். அப்போதுதான் அந்தப் பெயர் உறுத்தும்.

1824-இலே, பதினைந்து வயதிலே, லூயி பிரெயில் ஆறு புள்ளிகளிலே ஓர் எழுத்துமுறையை வகுத்தார். அதற்கு முன்னோடி, சார்ல் பார்பியே என்ற முன்னாள் படை அலுவலர் வகுத்த 12 புள்ளி முறை. அதன் பெயரே இரவெழுத்து. ஆறு புள்ளிகளை 63 வகையாக அமைக்கலாம். 1951-இலே இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாகப் பாரதி பிரெயில் வந்தபோது, தமிழும் அந்த 63-க்குள் அடங்கியது. முதற்புள்ளி ஒன்று மட்டும் இருந்தால் அகரம். பூவிருந்தவல்லியிலே பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. தேசிய நிறுவனத்தின் வட்டார மையமும், பிரெயில் நூல்களை அச்சிடும் அச்சகமும் இருக்கின்றன. அந்தப் பக்கங்களிலே மை இல்லை. பக்கமெல்லாம் வெள்ளை. நமக்கு அது எழுதாத தாள். படிக்கத் தெரிந்த விரலுக்கோ அதிலே வரலாறு இருக்கிறது, கணக்கு இருக்கிறது. அந்த நூலின் முன்னே யார் பார்வையற்றவர்? இரவு விளக்கணைத்த பின்னும் போர்வைக்குள்ளே படிப்பைத் தொடரும் வசதி அவர்களுக்கு உண்டு, எனக்கில்லை. பிரெயில் படிக்கும்போது, பிறர் காட்சிக்குப் பயன்படுத்தும் மூளையின் பின்பகுதியே அவர்களிடம் பணியாற்றுகிறது என்பதை 1996-இலே வெளியான ஆய்வு காட்டியது. மூளைக்குக் கதவு எதுவானால் என்ன, செய்தி வந்தால் போதும்.

கடந்த ஆண்டிலே ஒருநாள், ஆவடியிலிருந்து பூவிருந்தவல்லி செல்லும் பேருந்திலே, வெண்கோலோடு ஓர் இளைஞர் ஏறினார். காதிலே கருவி மாட்டி, கைப்பேசி படித்துச் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார். இறங்கும்போது ஒரு பெரியவர் அவர் கையைப் பிடித்துப் பத்து ரூபாய் நாணயத்தைத் திணித்து, "போன பிறவியிலே என்ன பாவமோ, தம்பி" என்றார். இளைஞர் நாணயத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நான் வங்கியிலே வேலை பார்க்கிறேன் ஐயா" என்று சொல்லி இறங்கிப் போனார். பெரியவர் தீயவர் அல்லர், இரக்கமுள்ளவர்தான். ஆனால் அந்த இரக்கத்துக்குள்ளே ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது: நீ குற்றவாளி, தண்டனை அனுபவிக்கிறாய், நான் கருணை காட்டுகிறேன்!

எந்தப் பாவம்? எந்தப் பிறவி? பெரியம்மை எத்தனையோ கண்களைப் பறித்தது. தடுப்பூசி பரவியது, 1975-க்குப் பின் இந்நாட்டிலே அது இல்லை, 1980-இலே உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. முற்பிறவிப் பாவங்களெல்லாம் அந்த ஆண்டோடு தீர்ந்துவிட்டனவா? உணவிலே வைட்டமின் ஏ குறைந்தால் முதலில் மாலைக்கண், முற்றினால் கருவிழியே சிதைவு. முருங்கைக் கீரைக்கும் முட்டைக்கும் கட்டுப்படுகிற வினைப்பயனா அது? கருவுற்ற தாய்க்கு ரூபெல்லா கண்டால் பிள்ளைக்குக் கண்புரை வரலாம். அதற்கும் தடுப்பூசி உண்டு. 1976-இலே மதுரையிலே மருத்துவர் வேங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, இலட்சக்கணக்கானோரின் கண்புரையை நீக்கியிருக்கிறது. விதியை அறுவைக் கத்தி வெட்டுகிறது என்றால், அது விதியன்று, நோய். வறியவர் வீட்டிலேயே அந்த விதி மிகுதியாக வந்து தங்குவதேன் என்ற கேள்விக்கும் சோதிடத்திலே விடையில்லை. கூலிக் கணக்கிலே இருக்கிறது.

ஒளி மட்டும் மாசற்றதா? அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964-இலே உருவானது. அங்கே இரவு முறைப்பணி பார்த்துவிட்டுக் காலையிலே வீடு திரும்பும் தோழரைக் கேளுங்கள். இரவெல்லாம் பேரொளி, பகலெல்லாம் உறங்க இருட்டைத் தேடி, சன்னலிலே போர்வையைக் கட்டுகிறார். உடலின் நாட்கடிகையைக் குலைக்கும் இரவுப் பணியைப் புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடியவற்றின் பட்டியலிலே, உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007-இலேயே சேர்த்தது. அவருக்கு இருள் ஒரு மருந்து. அந்த மருந்துக்கு ஊதிய உயர்வுப் பேச்சிலே யாரும் இடம் கேட்பதில்லை. உருவமோ வெளிச்சமோ எதையும் உணராத பார்வையற்றோர் சிலரிடத்திலே கூட, கண் மட்டும் பகல் வந்த செய்தியை மூளைக்குச் சொல்லி உறக்கத்தை ஒழுங்குசெய்கிறது என்று 1995-இலே கண்டறிந்தார்கள். ஒளியைக் காணாமலே ஒளியை வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள்! ஒளி இங்கே, இருள் அங்கே என்று கோடு கிழித்தவர்கள் எந்தப் பக்கத்திலே அவர்களை நிறுத்துவார்கள்?

மன்றத்திலே இதைப் பேசியபோது நண்பர் ஒருவர் சீறினார். "சொல்லிலே என்ன இருக்கிறது? இருளையும் ஒளியையும் பறித்துக்கொண்டால் நம் பேச்சிலே பாதி போய்விடும். நாம் யாரையும் இழிவுபடுத்த எண்ணவில்லையே!" என்றார். எண்ணவில்லைதான். சாதிப் பெயரை வசையாக்கிப் பேசுகிறவரும் அப்படித்தான் சொல்கிறார். வழக்கிலே வந்த சொல் என்கிறார். அவரிடம் நாம் ஒப்புக்கொள்ளாத சமாதானத்தை நமக்கு மட்டும் எப்படி ஒப்புக்கொள்வது? 2016-ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றுத்திறனாளிகளுக்குக் கல்வியிலும் வேலையிலும் உரிமை தருகிறது. 2015-இலே சென்னையைச் சேர்ந்த பெனோ செபின், முற்றிலும் பார்வையற்றவர்களுள் முதலாமவராக, இந்திய அயலுறவுப் பணியிலே சேர்ந்தார். அவர் நம் கூட்டத்துக்கு வந்து முன்வரிசையிலே அமர்ந்திருக்கும்போது, "குருட்டுத்தனமாக நம்பாதீர்" என்று முழங்க நமக்கு நா எழுமா? எழாதென்றால், அவர் இல்லாத கூட்டத்திலே மட்டும் ஏன் எழுகிறது?

மூடநம்பிக்கை என்று சொல்லலாம். ஆராயாத நம்பிக்கை என்று சொல்லலாம். கேள்வி கேளாத கூட்டம், சான்று தேடாத சோம்பல், அடிமைப் புத்தி என்று தமிழிலே சொல்லுக்கா பஞ்சம்? இவை உவமையை விடக் கூர்மையானவை. எதைக் குறை கூறுகிறோமோ அதையே நேராகச் சுட்டுகின்றன. நண்பர் அடுத்த வாரக் கூட்டத்திற்கென்று தலைப்பு எழுதி வைத்திருந்தார்: 'இருளகற்றும் பகுத்தறிவு'. முதற்சொல்லை அடித்துவிட்டு வேறு சொல் தேடிக்கொண்டிருக்கிறார். சுவரொட்டி இன்னும் அச்சுக்குப் போகவில்லை.