ஊடல் அல்லாத ஒன்று

காதலர்களுக்கு இடையே வரும் முகவாட்டத்துக்குத் தமிழில் ஊடல், புலவி என்று சொற்கள் உண்டு. திருக்குறளின் கடைசி 3 அதிகாரங்களும் அதற்கே. தோழிகள் சண்டை போட்டால் மனத்தாங்கல் என்போம். சண்டையே இல்லாமல் ஒருத்தியின் அன்பு குறைந்துபோனால்? சங்கப் பாடல்களில் தோழி நிறையப் பேசுகிறாள்; பெரும்பாலும் தலைவியின் காதலைப் பற்றி.

என்னோடு விடுதி அறையில் இருந்தவள், 20 வருடப் பழக்கம். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் பேசுகிறவள், போன வருடம் வாட்ஸ்அப்பில் 'ம்', 'சரிடி' என்று நிறுத்திக்கொண்டாள். எங்கள் கூட்டத்தில் உடனே விளக்கங்கள் வந்தன. "மாமியார் பக்கத்துலயே இருப்பாங்க." "அவர் போனை வாங்கிப் பார்ப்பாரோ என்னவோ." "பொண்ணு பிளஸ் டூ இல்ல, பாவம்."

எல்லாமே அன்பான விளக்கங்கள், நியாயமானவையும்கூட. அடுப்படிக்கும் பிள்ளைகளின் பரீட்சைக்கும் போக மிஞ்சிய நேரத்தில்தான் நம்மில் பலர் நட்பு வளர்க்கிறோம். ஆண்களின் டீக்கடை நட்பைக் கல்யாணம் இப்படிக் கத்தரிப்பதில்லை.

ஆனால் அவளுக்கே எங்கள்மேல் ஈடுபாடு குறைந்திருக்கலாம் என்று ஒருத்தியும் சொல்லவில்லை. வள்ளுவரும் பழைமை அதிகாரத்தில், நண்பர் நோகச் செய்தால் அறியாமை என்றோ மிகுந்த உரிமை என்றோ எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். 2 அதிகாரம் தள்ளி வரும் கூடா நட்பு, உள்ளொன்று புறமொன்றாகப் பழகுகிறவர்களைப் பற்றியது. வஞ்சகமும் இல்லாமல், உரிமையும் எடுக்காமல், சும்மா விலகுகிறவளை எதில் சேர்ப்பது?

ஒரு பெண் மாறினால் அவளுக்குப் பின்னால் யாரோ இருக்க வேண்டும் என்று ஊர் நினைக்கும். பெண்ணின் விருப்பம் என்று மேடையில் பேசுகிற நமக்கும், தோழி என்று வரும்போது அதே நினைப்புத்தான். 'பாவம்' என்று சொல்லும்போது அவளுக்குச் சொந்தமாக ஒரு மனம் இருப்பதையும் சேர்த்தே மறுக்கிறோம்.

நேராகக் கேட்டேன். "வீட்ல ஒண்ணும் பிரச்சினை இல்லடி. கொஞ்ச நாளா யாரோடயும் பேசப் பிடிக்கல. உன்னோடயும்தான்."

வலித்தது. மாமியார் காரணம் என்றிருந்தால் கோபப்பட எனக்கு வேறு ஒருத்தி கிடைத்திருப்பாள். மனச்சோர்வாக இருக்குமோ என்று கூட்டத்தில் ஒருத்தி கேட்டாள். இருக்கலாம். அவளிடமே கேட்கச் சொன்னேன். கேட்டாளா என்று நான் விசாரிக்கவில்லை.