மணிக்கூண்டு விழுந்தது எவன் செயல்?

தெருவோரம் நடந்து சென்றவன் தலையில் கட்டடம் இடிந்து விழுகிறது. "வேளை வந்தது, போய்விட்டான்; எல்லாம் அவன் செயல்!" என்று கண்ணீரைத் துடைத்துக்கொண்டு கலைகிறோம். அவன் செயல் என்கிறோமே, எவன் செயல்? கட்டடத்துக்கு உரியவன் ஒருவன் உண்டு. அதைப் பழுது பார்க்கும் கடமை பூண்டவனும் உண்டு. அந்த 'அவ'னுக்குப் பின்னால் இவர்கள் ஒளிந்துகொள்ள இடம் கொடுப்பவர்கள் நாம்தாம்!

டில்லி மாநகரில், சாந்தினி சவுக்கில், நகர மண்டபத்துக்கு எதிரே நின்ற மணிக்கூண்டு 1951ஆம் ஆண்டில் சரிந்து வீழ்ந்தது. பலர் மாண்டனர். மாண்டவருள் மூவரின் குடும்பத்தார் வழக்குத் தொடுத்தனர். மணிக்கூண்டுக்கு உரிமை பூண்ட நகராட்சி சொன்ன மறுமொழி யாது? இது தவிர்க்க முடியாத விபத்து. ஆபத்தைக் காட்டும் அடையாளம் எதுவும் வெளியே தெரியவில்லை என்பதாம்!

வெளியே தெரியவில்லை, மெய்தான். உள்ளே என்ன இருந்தது? கட்டடத்தின் வயது 80. அதில் பயன்படுத்திய சாந்தின் தன்மையைப் பார்த்தால் மேல்தளம் 40, 45 ஆண்டுகளே தாங்கும் என்றார், இடிந்தபின் ஆராய்ந்த பொறியாளர். சாந்து பிடிப்பற்றுப் பொடியாகிக் கிடந்தது. மேலே இருந்த வளைவுகளின் அழுத்தம் தள்ளியது, விழுந்தது. பூகம்பம் உண்டா? புயல் உண்டா? ஒன்றுமில்லை!

உச்சநீதிமன்றம் 1966இல் தீர்ப்பளித்தது. பொதுவாக, கவனக்குறைவை மெய்ப்பிக்க வேண்டியவர் வழக்காடுபவரே. ஆனால் பராமரிக்கப்படும் மணிக்கூண்டு தானாக விழாது. ஆகவே விழுந்த நிகழ்ச்சியே சான்று என்றது மன்றம். பொதுவழியை ஒட்டிய கட்டடத்துக்கு உரியவர் அதைச் செப்பமாக வைத்திருக்கக் கடமைப்பட்டவர். குறை வெளிப்படையாயினும் மறைவாயினும் பொறுப்பு அவருடையதே.

அறியாமல் நேர்ந்த குறைக்கு ஒருவரைப் பொறுப்பாக்குவது அறமா? நண்பர்கள் சிலர் கேட்கும் இக்கேள்வியை நாம் எளிதில் ஒதுக்க விரும்பவில்லை. அறியாதவனைச் சிறையில் தள்ளினால் அது கொடுமைதான். ஆனால் இழப்பீடு தண்டனையன்று. இழப்பு நேர்ந்துவிட்டது, அதை யாரேனும் சுமந்தே தீரவேண்டும். கட்டடத்தைத் திறந்து பார்க்கும் அதிகாரம் பெற்றிருந்தவர் சுமப்பதா, நிழலுக்கு ஒதுங்கியவனின் மனைவி சுமப்பதா? மேலும், பார்க்காததால் வந்த அறியாமையைக் குற்றமின்மை என்று எப்படிச் சொல்வது?

சட்ட நூல்களில் 'தெய்வச் செயல்' என்றே ஒரு சொல் உண்டு. மனிதர் தடுக்க இயலாத இயற்கைச் சீற்றத்துக்கு முன்னோர் இட்ட பெயர் அது. வழக்கறிஞர்கள் அதற்குப் படையல் போடுவதில்லை! 1868ஆம் ஆண்டின் ஆங்கிலத் தீர்ப்பு ஒன்று, தன் நிலத்தில் ஆபத்தான பொருளைத் திரட்டி வைப்பவனே அது வெளியேறி விளைக்கும் கேட்டுக்குப் பொறுப்பு என்று வகுத்தபோதும், இத்தெய்வச் செயலுக்கு விலக்குத் தந்தது. போபால் கொடுமைக்கு மறு ஆண்டு, 1985 டிசம்பரில், டில்லித் தொழிற்சாலை ஒன்றிலிருந்து நச்சுவாயு கசிந்தது. அவ்வழக்கில் நீதிபதி பகவதி தலைமையிலான ஐவர் ஆயம் அந்த விலக்கையும் மூடியது. ஆபத்தான தொழிலால் ஆதாயம் பெறுவோர் அதன் கேட்டுக்கும் முழுப் பொறுப்பு; விதிவிலக்கு எதுவுமில்லை என்றது.

மணிக்கூண்டு வழக்கில் ஒன்று மட்டும் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. இடிந்தது 1951, இறுதித் தீர்ப்பு 1966. தந்தையை இழந்தபோது மூன்று வயதாயிருந்த பிள்ளைக்கு அன்று பதினெட்டு. இடையே அவன் பள்ளிச் சம்பளத்தை யார் கட்டினார்?