நடப்பட்டவர்கள்

பெல்ஃபாஸ்ட்டிலிருந்து டெர்ரிக்கு ரயிலில் இரண்டு மணி நேரம். தங்கை பெல்ஃபாஸ்ட்டில் மருத்துவம் படிக்கிறாள், கடைசி வருடம். போன வருடம் அப்பா, அம்மா, நான் மூவரும் அவளைப் பார்க்கப் போயிருந்தபோது ஒரு நாள் டெர்ரிக்குக் கிளம்பினோம். காலையில் போய் இரவில் திரும்புவதுதான் திட்டம். ரயிலிலேயே அவள் எச்சரித்தாள்.

"அப்பா, இந்த ஊருக்கு ரெண்டு பேரு. கத்தோலிக்கருங்க டெர்ரின்னு சொல்வாங்க. பிரிட்டனோட சேர்ந்தே இருக்கணும்னு நினைக்கிற புராட்டஸ்டண்ட் ஆளுங்க நிறைய பேரு லண்டன்டெர்ரிம்பாங்க. வாய் தவறிச் சொன்னா யாரும் அடிக்க மாட்டாங்க. ஆனா நீங்க எந்தப் பக்கம்னு கணக்குப் போட்டுடுவாங்க."

"நீ எப்படிச் சொல்வ?" என்று கேட்டேன்.

"வார்டுல நோயாளி எந்தப் பேரைச் சொல்றாங்களோ, அதையே திருப்பிச் சொல்வேன்."

இரட்டை நாக்கு என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். ரயில் நிலையப் பலகையிலும் இரண்டு பெயர்களும் சேர்ந்தே இருந்தன. 1984இல் நகராட்சி தன் பெயரை மட்டும் டெர்ரி என்று மாற்றிக்கொண்டது. ஊரின் பெயர் சட்டப்படி இன்னும் லண்டன்டெர்ரிதான் என்று 2007இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஃபாயில் ஆற்றை நடந்தே கடந்தோம். 2011இல் திறக்கப்பட்ட அமைதிப் பாலம் நடப்பவர்களுக்கும் சைக்கிள்களுக்கும் மட்டுமானது. அதன் இரண்டு தூண்களும் எதிரெதிர்த் திசையில் சாய்ந்திருக்கின்றன. நான் கேபிள்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா குளிரில் சால்வையை இறுக்கிக்கொண்டு "போதும் வா, வேலைக்கா வந்தே?" என்றார்.

அக்கரையில் கில்ட்ஹால். உள்ளே ஒரு கண்காட்சி இருந்தது, தலைப்பில் 'பிளாண்டேஷன்' என்ற சொல். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த அப்பாவுக்குக் கண் அங்கேயே போனது.

"இங்க என்ன மரம் நட்டாங்க? இந்தக் குளிர்ல ரப்பர் வராதே."

"மரம் இல்லப்பா, மனுஷங்கள நட்டாங்க" என்றாள் தங்கை.

உண்மைதான். 1607இல் வட அயர்லாந்தின் கேலிக் பிரபுக்கள் நாட்டை விட்டுப் போனார்கள். அவர்களுடைய நிலத்தைப் பறிமுதல் செய்த ஆங்கில அரசு, இங்கிலாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் புராட்டஸ்டண்டுகளைக் கொண்டுவந்து குடியேற்றியது. அதற்குத்தான் அந்தப் பெயர். செலவுக்கு லண்டன் நகரத்து வணிகக் குழுமங்கள் பணம் போட்டன. 'டெர்ரி' என்பது ஓக் மரத்தோப்பைக் குறிக்கும் ஐரிஷ் சொல்லிலிருந்து வந்தது. 1613இல் அதன் முன்னால் லண்டன் ஒட்டிக்கொண்டது. அதே வருடம் மதிலையும் கட்ட ஆரம்பித்தார்கள்.

ஒன்றரை கிலோமீட்டர் சுற்றளவுள்ள அந்த மதில் முழுதாக இன்னும் நிற்கிறது. மேலே ஏறிச் சுற்றி நடக்கலாம். 1689இல் கத்தோலிக்க அரசர் இரண்டாம் ஜேம்ஸின் படை 105 நாள் முற்றுகையிட்டபோது உள்ளே இருந்தவர்கள் நாயையும் எலியையும் தின்று உயிர் பிழைத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் பசியிலும் நோயிலும் செத்தார்கள். மதிலைக் கடைசி வரை யாராலும் உடைக்க முடியவில்லை. ஒரு தரப்புக்கு அந்த மதில்தான் உயிர் காத்தது. மறுபுறம், கீழே பள்ளத்தில் பாக்சைடு தெரிகிறது. அங்கே வாழ்ந்த கத்தோலிக்கர்களுக்கு அதே மதில் தலைமுறை தலைமுறையாகத் தலைக்கு மேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

நான் யார் பக்கம் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. காலனியத்தால் வந்து சேர்ந்தவனின் கொள்ளுப்பேரன் நான். நிலம் பிடுங்கியவன் ஒருவன், இழந்தவன் ஒருவன், இதில் என்ன நடுநிலை?

மதிலின் இன்னொரு பக்கத்தில் ஃபவுண்டன் என்ற சின்னக் குடியிருப்பு. நடைபாதைக் கல்லுக்கெல்லாம் பிரிட்டிஷ் கொடியின் சிவப்பு, வெள்ளை, நீலம். இன்னமும் முற்றுகையில்தான் இருக்கிறோம், சரணடைய மாட்டோம் என்கிற பொருளில் ஒரு சுவரெழுத்து. ஆற்றின் இந்தக் கரையில் மிஞ்சியிருக்கும் புராட்டஸ்டண்டுகள் கொஞ்சம் பேர்தான்.

"நானூறு வருஷம் ஆச்சு. இன்னுமா வந்தவங்கன்னு சொல்வாங்க?" என்றார் அப்பா.

"வந்தவங்கதானேப்பா?"

"அப்ப நம்மள பெண்டாத்தாங்னு சொல்றப்ப மட்டும் ஏன் உனக்குக் கோபம் வருது? நமக்கு நூறு வருஷம்தானே ஆச்சு?"

"நம்ம ஆளுங்க கூலிக்கு வந்தாங்க. யாரோட நிலத்தையும் பிடுங்கல."

அப்பா கொஞ்ச நேரம் கைப்பிடிச் சுவரில் கை வைத்து நின்றார். "தோட்டம் போடறதுக்கு முன்னாடி அங்க காடு இருந்துச்சு. அந்தக் காட்டுல யாரு இருந்தா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஓராங் அஸ்லிகளைப் பற்றிப் படித்திருக்கிறேன், பேசியும் இருக்கிறேன். ஆனால் என் தாத்தா வெட்டிய பால்மரத்தோடு அவர்களைச் சேர்த்து நினைத்ததே இல்லை. காட்டை அழிக்கச் சொன்னது கம்பெனிக்காரன்தான், தாத்தா இல்லை. ஆனாலும் 'யார் முதலில் வந்தது' என்ற கேள்வியை நான் ஃபவுண்டன்காரர்மீது எறிந்தால், அது திரும்பி வந்து என் வீட்டு வாசலில்தான் விழும்.

அப்படியென்றால் எல்லோரும் ஒன்றுதானா? இல்லை. இந்த ஊரில் கத்தோலிக்கர்களே பெரும்பான்மை. ஆனால் 1960களின் கடைசி வரை நகராட்சி சிறுபான்மையான யூனியனிஸ்டுகளின் கையில் இருந்தது. தொகுதி எல்லைகளை அதற்கு ஏற்றபடி வரைந்திருந்தார்கள். உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டு வீட்டோடு பிணைக்கப்பட்டிருந்ததால், யாருக்கு வீடு கொடுப்பது என்பதிலும் அரசியல். 1968இல் மக்கள் தெருவுக்கு வந்தது 1613ஐத் திருப்பக் கேட்டு அல்ல. வீட்டுக்கும் ஓட்டுக்கும் வேலைக்கும்தான். தாத்தாவுக்குத் தாத்தா எப்படி வந்தார் என்பது ஒருவனின் குற்றம் ஆகாது. அவர் வழியாகக் கிடைத்த சலுகையை இன்றும் விடாமல் பிடித்திருப்பது அவன் செய்வது. 'யார் முதல்' என்பதை விட்டு 'இன்று யாரை எண்ணிக்கையில் சேர்க்கவில்லை' என்று கேட்டால், டெர்ரியிலும் பேசலாம், எங்கள் ஊரிலும் பேசலாம்.

மதிலிலிருந்து இறங்கி பாக்சைடுக்குப் போனோம். 1972 ஜனவரி 30ஆம் தேதி, விசாரணையின்றிச் சிறையிடுவதை எதிர்த்து ஊர்வலம் போனவர்களைப் பிரிட்டிஷ் ராணுவம் இங்கேதான் சுட்டது. அன்றே 13 பேர் இறந்தார்கள், காயம்பட்ட ஒருவர் பிறகு இறந்தார். சில வாரங்களிலேயே வந்த முதல் விசாரணை அறிக்கை பெருமளவு ராணுவத்தைக் காப்பாற்றியது. 1998இல் தொடங்கிய இரண்டாவது விசாரணையின் அறிக்கை 2010இல்தான் வந்தது. சுடப்பட்டவர்கள் யாரும் சுடப்படும்படியான எதையும் செய்யவில்லை என்றது அது. பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். இடையில் 38 வருடம்.

அந்த 38 வருடமும் 'ரெண்டு பக்கமும் ஏதோ சொல்றாங்க' என்று தோளைக் குலுக்கியவர்கள் தங்களை நடுநிலையாளர் என்றுதான் நினைத்திருப்பார்கள். ஊரின் பெயரில் இரண்டு பேரின் பிரியம் இருக்கிறது, அங்கே இரண்டையும் எழுதலாம். செத்தவன் கையில் துப்பாக்கி இருந்ததா என்பதற்கு அப்படி இரண்டு பதில் எழுத முடியாது. நினைவுத்தூணில் இருந்த வயதுகளை அம்மா வாய்க்குள் படித்துக்கொண்டே வந்தார். பதினேழு, பதினேழு, பதினேழு. பிறகு தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

சாயங்காலம் டீக்கடையில் ஒரு அம்மா எங்களிடம் ஊர் எப்படியிருந்தது என்று விசாரித்தார். எந்தப் பெயரையும் சொல்லவில்லை. அவரும் எங்களைக் கணக்குப் போடாமல் விட்டிருக்கலாம். அப்பா தன் தோட்டத்து இங்கிலீஷில், "உங்க ஊர் ரொம்ப நல்லா இருக்கு, ஆனா குளிர்" என்றார். அவர் சிரித்தார்.

திரும்பும் ரயிலில் தங்கையின் 'இரட்டை நாக்கை' நினைத்துக்கொண்டேன். படுக்கையில் கிடப்பவரிடம் அவருடைய சொல்லையே திருப்பிச் சொல்வது பொய் இல்லை. அவர் சொல்லும் தகவல் தப்பென்றால் அவள் அதைத் திருப்பிச் சொல்ல மாட்டாள் என்பதும் எனக்குத் தெரியும். அப்பாவின் 'உங்க ஊர்' பற்றித்தான் இன்னும் முடிவுக்கு வர முடியவில்லை. அது பக்குவமா, அல்லது அறுபது வருடமாக எங்கேயும் பிரச்சினை வராமல் பேசிப் பழகிய வாயா?

இதை எழுதும்போது நான் டெர்ரி என்றுதான் எழுதியிருக்கிறேன். ஃபவுண்டன்காரர் ஒருவர் படித்தால் கணக்குப் போட்டுவிடுவார். போடட்டும். ஆனால் அவரை வந்தவர் என்று சொல்ல இனி எனக்கு வாய் வராது.